ஐ10 ஃபியூல் ஃபில்டர் எங்க இருக்கு? அவசரம்

சேலத்துக்காரன்:
ஹூண்டாய் ஐ10 கார் வச்சிருக்கேன். வண்டி இழுக்க மாட்டேங்குது. டவுனுக்குள்ள ஒரு குறையும் இல்ல. ஏற்காடு ஏறினா மட்டும் மூணாவது கொண்டை ஊசி தாண்டுறதுக்குள்ள திணறுது. மிதிக்க மிதிக்க மந்தமாகுது, காலை எடுத்துட்டு மெதுவா மிதிச்சா கொஞ்ச தூரம் போகுது. ஃபியூல் ஃபில்டர் அடைச்சிருக்கும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். நானே மாத்திடலாம்னு பாத்தா அது எங்க இருக்குன்னே தெரியல. அடியில படுத்து டேங்க்ல இருந்து முன்னாடி வரைக்கும் பைப்பைத் தடவிப் பாத்துட்டேன். பானெட்டுக்குள்ளயும் இல்ல. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட மேல போகணும், யாராவது சொல்லுங்க.

கோவை_கியர்:
பெட்ரோலா டீசலா? எந்த வருஷ வண்டி? எவ்வளவு ஓடியிருக்கு?

மூணாம்_கியர்:
சாதா ஐ10ஆ, கிராண்ட் ஐ10ஆ? ரெண்டையும் ஐ10னுதான் எல்லாரும் சொல்றாங்க. கிராண்ட் 2013ல வந்தது, அதுல டீசலும் உண்டு. டீசல்னா ஃபில்டர் பானெட்டுக்குள்ளயே இருக்கும். அப்புறம், கேஸ் கிட் ஏதும் மாட்டியிருக்கீங்களா?

தாமிரபரணி:
ஃபில்டரை விடுங்க ப்ரோ, இது த்ராட்டில் பாடி, இன்ஜினுக்குப் போற காத்தைத் திறந்து மூடுற பாகம். கரி படிஞ்சு கருப்பா இருக்கும். ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழட்டி, ஹோஸை எடுத்துட்டு ஒரு ஸ்ப்ரே கிளீனர் அடிச்சுத் துடைங்க. என் வண்டி அதுலதான் சரியாச்சு.

ஸ்பேனர்_சார்:
த்ராட்டில் பாடி அழுக்கா இருந்தா முதல்ல ஐடிலிங்தான், அதாவது மிதிக்காம நிக்கும்போது இன்ஜின் ஓடுறதுதான் ஆடும். மேட்டுல மட்டும் சக்தி போறது வேற கதை. இங்க வர்றவங்க ஒருத்தரும் அடிப்படை விவரம் எழுதுறதில்ல, நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன். செக் இன்ஜின் லைட் எரியுதா? திணறும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) ஏறி வண்டி வேகம் மட்டும் ஏறலையா, இல்ல ஆர்பிஎம்மே ஏறலையா? முதலாவதுன்னா கிளட்ச் வழுக்குது, ஃபில்டர் மாத்தி ஒரு பயனும் இல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வச்சு பெட்ரோல் லைன்ல கை வைக்கிறது ஆபத்து, தம்பி.

சேலத்துக்காரன்:
2012, பெட்ரோல், 1.1 லிட்டர் இன்ஜின். சாதா ஐ10தான். கேஸ் இல்ல. 84 ஆயிரம் ஓடியிருக்கு. லைட் எரியல. ஆர்பிஎம்மும் ஏறல சார். ஃபில்டர் எங்கன்னு மட்டும் சொல்லுங்க.

பழைய_கார்ப்பரேட்டர்:
தம்பி, நீங்க தேடின இடத்துல அது இருக்காது. கார்ப்பரேட்டர் வச்ச மாருதி 800 காலத்துல இன்ஜின் பக்கத்துலயே சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும், ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தினா கையோட வந்துடும். உங்க வண்டியில ஃபில்டர் டேங்க்குக்குள்ள, பெட்ரோல் பம்ப்போட சேர்ந்து ஒரே செட்டா நிக்குது. பின் சீட்டுல நீங்க உக்கார்ற மெத்தையைத் தூக்கினா கார்பெட்டுக்கு அடியில ஸ்க்ரூ போட்ட தகர மூடி ஒண்ணு இருக்கும். அதைத் திறந்தா பம்ப்போட தலை, ஒயர் கனெக்டர், பெட்ரோல் பைப் மூணும் தெரியும். டேங்கை இறக்க வேண்டியதில்ல.

ஆனா பைப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிரஷரை இறக்கணும். ஓடுற இன்ஜினுக்கு லைன்ல சுமார் 3.5 பார் இருக்கும், அப்படியே பைப்பைக் கழட்டினா மூஞ்சில அடிக்கும். இன்ஜினை ஐடில்ல விட்டு அந்த ஒயர் கனெக்டரைக் கழட்டுங்க. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். சாவியை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, அப்புறம் பைப்புல துணியைச் சுத்திக் கழட்டணும்.

மூணாம்_கியர்:
அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. மூடியைத் திறந்ததும் பம்ப் தலையைச் சுத்தி வருஷக்கணக்கான மண் இருக்கும். பிரஷ் வச்சு சுத்தமா எடுத்துட்டுத்தான் பம்ப்பைத் திறக்கணும், இல்லேன்னா அவ்வளவு மண்ணும் டேங்க்குக்குள்ள விழும். பெட்ரோல் கால் டேங்க்குக்குக் கீழ இருக்கட்டும். பம்ப்பை நேரா தூக்காதீங்க, பக்கத்துல ஃபியூல் கேஜ் மிதவையோட கம்பி இருக்கு. அது வளைஞ்சா அப்புறம் முள் பொய் சொல்லும். மெதுவா சாய்ச்சு எடுங்க. பம்ப் கப்புக்குள்ள நிக்கிற பெட்ரோலை டேங்க்குலயே வடிச்சுட்டு, ஒரு பிளாஸ்டிக் டிரேல வைங்க. அடியில வலை மாதிரி ஸ்ட்ரெய்னர் இருக்கும், அதையும் மாத்திடுங்க. மேல் ரப்பர் ரிங்கு கண்டிப்பா புதுசு போடணும். பழசு வெளிய வந்ததும் ஊதிப்போய் மறுபடி உக்காராது, டேங்க் ரொப்பினதும் காருக்குள்ள நாத்தம் வரும்.

வயல்காரன்:
இதுக்கெல்லாம் காரணம் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணியை இழுக்கும், டேங்க்ல படிஞ்சிருந்த அழுக்கை எல்லாம் கரைச்சு ஃபில்டர்ல கொண்டுபோய் சேர்க்கும். 2012 வண்டி இதுக்குன்னு செஞ்சதில்ல. ஃபில்டர் மாத்தினாலும் திரும்ப அடைக்கும்.

கோவை_கியர்:
எத்தனால்ல சக்தி பெட்ரோலைவிட சுமார் மூணுல ஒரு பங்கு கம்மி. 20 சதவீதம் கலந்தா மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையும் பழைய கார்களுக்கு அதே கணக்கைத்தான் சொல்லுது. ஆனா அதுக்கு மேட்டுல மட்டும் திணறாது, எல்லா ரோட்லயும் தெரியும். இவர் சொல்றது முழுசா மிதிக்கும்போது பெட்ரோல் பத்தாத கேஸ்.

வயல்காரன்:
நான் மைலேஜைச் சொல்லல, ரப்பரையும் அழுக்கையும் சொல்றேன். நானும் கரும்பு போடுறவன். எத்தனாலால கரும்புக்கு நல்ல காலம் வந்தா எனக்கும் சந்தோஷம்தான். இ20க்கு ஏத்த மாதிரி வண்டி வர ஆரம்பிச்சது 2023 ஏப்ரல்ல இருந்து. அதுக்கு முன்னாடி வாங்கினவனுக்கு பங்க்ல வேற பெட்ரோல் குடுக்கணும்னுதான் கேக்குறேன்.

தாமிரபரணி:
நூறு ஆக்டேன் பெட்ரோல் இருக்கே, அதுல எத்தனால் இல்லைன்னு சொல்றாங்க.

வயல்காரன்:
விலையைப் பாத்தீங்களா? 2012 ஐ10 வச்சிருக்கவன் அதை ஊத்துவானா?

ஸ்பேனர்_சார்:
எத்தனாலுக்குத் தனி இழை போடுங்க. தம்பி, கடைசியா ஒண்ணு. ஃபில்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட ஃபியூல் பிரஷர் கேஜ் போட்டுப் பாருங்க, அரை மணி நேர வேலை. ஐடில்ல சரியா நின்னு, முழுசா மிதிக்கும்போது முள் விழுந்தா ஃபில்டரோ பம்ப்போ பலவீனம். விழலேன்னா காசை வீணாக்காம காயில், ப்ளக், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சிருக்கான்னு பாக்கணும். பம்ப்பே போயிருந்தா வெறும் ஃபில்டர் மாத்தி மறுபடி அதே சீட்டைத் தூக்குவீங்க. ரிசர்வ்லயே ஓட்டுற பழக்கம் இருந்தா அதை விட்டுடுங்க, பம்ப்பைக் குளிர வைக்கிறதே அந்த பெட்ரோல்தான்.

பழைய_கார்ப்பரேட்டர்:
சார் சொன்னது சரி, முதல்ல கேஜ். வேலையை நீங்களே செய்றதா இருந்தா போர்ட்டிகோவுக்குள்ள வேண்டாம், வெட்டவெளியில நாலு கதவையும் திறந்து வச்சு செய்யுங்க. வண்டி ஆறினப்புறம்தான் தொடணும். செல்போன், டேபிள் ஃபேன், சாமி விளக்கு எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. ஒரு தீயணைப்பு சிலிண்டரோட இன்னொரு ஆள் கூட நிக்கட்டும். பெட்ரோல் ஆவி கனமானது, கீழ தேங்கி நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. மாட்டினதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவியை ஆன் பண்ணினா பம்ப் ரெண்டு செகண்ட் உறுமும், ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணுங்க. லைன் நிறையுற வரைக்கும் அப்படி செஞ்சுட்டு, டார்ச் அடிச்சு பைப் மூட்டுல ஈரம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஸ்டார்ட். ஈரமே இல்லைன்னு நிச்சயமானப்புறம்தான் தகர மூடியைப் போடணும்.

கோவை_கியர்:
சேலத்துக்காரன், கேஜ் போட்டீங்களா?

மூணாம்_கியர்:
ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது, ஆளைக் காணோம்.

சேலத்துக்காரன்:
கேஜ் போட்டோம், மிதிச்சா முள் விழுந்தது. மெக்கானிக்கோட சேர்ந்து சீட்டைத் தூக்கி ஃபில்டர், ஸ்ட்ரெய்னர், ரிங்கு மூணும் மாத்தியாச்சு. ஸ்ட்ரெய்னர் வலை பூரா களிமண் மாதிரி பழுப்பா அப்பியிருந்தது. பம்ப் பழசுதான், இப்போ பிரஷர் நிக்குது. 20 கொண்டை ஊசியும் ஏறிடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

வயல்காரன்:
பழுப்பா இருந்ததா? டேங்க் அடியில தண்ணி நின்னுதான்னு பாத்தீங்களா? அது தெரிஞ்சாத்தான் திரும்ப அடைக்குமான்னு சொல்ல முடியும்.

நாமக்கல்_பாசஞ்சர்:
எனக்கும் இதே பிரச்சினை அண்ணா. கிராண்ட் ஐ10, காலைல ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குது. பின் சீட்டைத் தூக்கிப் பாக்கலாமா?

ஸ்பேனர்_சார்:
பெட்ரோலா டீசலா?