பதினேழு கேள்விகள் இருக்கின்றன, எதை முதலில் எடுப்பது?

கலுங்கடி:
முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. தலைப்பு 'சிவகங்கை மாவட்டக் கண்மாய்ப் பாசனம்'; கண்மாய் என்றால் எங்கள் பக்கத்தில் பாசன ஏரி. பதிவு செய்த அன்று பெருமையாகத்தான் இருந்தது. இப்போது எங்கே கைவைப்பது என்று தெரியவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகளை எழுதி வந்தேன்; பதினேழு சேர்ந்துவிட்டன. மண் படிந்து கண்மாய் எவ்வளவு தூர்ந்திருக்கிறது? சீமைக்கருவேலம் வந்ததால் நீர் குறைந்ததா, நீர் குறைந்ததால் கருவேலம் வந்ததா? ஆயக்கட்டுக்குள், அதாவது கண்மாய் பாயும் வயல்களுக்குள், கிணறு வெட்டியவர்கள் தண்ணீர் திறந்துவிடும் மடையை மறந்துவிட்டார்களா? ஊராரைச் சேர்த்துக்கொண்டு கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து 2017இல் மறுபடி தொடங்கியதே, அதில் ஆழப்படுத்திய கண்மாயில் தண்ணீர் கூடுதல் நாள் நிற்கிறதா? மீன் குத்தகைப் பணம் எங்கே போகிறது? மடை திறந்து வயலுக்கு நீர்விடும் நீர்பாய்ச்சி இல்லாத ஊரில் யார் தண்ணீரைப் பங்கிடுகிறார்கள்? இப்படியே போகிறது.

நெறியாளர் "மூன்றோடு வா" என்று அனுப்பிவிட்டார். முக்கியத்துவம், செலவு, புதுமை என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். பதினேழில் பதினொன்று ஒரே மதிப்பெண் வாங்கி நிற்கின்றன. உதவித்தொகை இன்னும் பதினான்கு மாதம் வரும். கையில் ஒரு பழைய ஸ்கூட்டர். நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

மடைக்கல்:
அம்மா, பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வு எனக்குத் தெரியாது, கண்மாய் தெரியும். உங்கள் மதிப்பெண் பட்டியலில் மாதம் என்ற கட்டமே இல்லை. புரட்டாசியில் புழுதி விதைப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகும். தை, மாசியோடு மடை வேலை முடிந்துவிடும். பங்கீட்டைக் கண்ணால் பார்க்க ஆண்டில் அவ்வளவுதான் வாய்ப்பு. இப்போது ஆவணி. பதினான்கு மாதத்தில் உங்களுக்கு ஒரு மழைக்காலம்தான் முழுதாகக் கிடைக்கும்.

தூரைத் தொடாதீர்கள். இன்றைய கொள்ளளவை அளந்துவிடலாம், எதோடு ஒப்பிடுவீர்கள்? உங்கள் ஊர்ப்பக்கம் ஜமீன். 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. ஒரே கண்மாய்க்கு மூன்று தாளில் மூன்று கொள்ளளவு எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வரத்துக்கால்:
தோழி, எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று முதலில் பிரியுங்கள். நீர்ப்பரப்புக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1984 முதல் 30 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செண்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 2015 முதல் 10 மீட்டரில் இருக்கின்றன. பத்து ஆண்டு கழித்துக் கேட்டாலும் அவை அங்கேயே இருக்கும்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஆவணங்களை முடித்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்று இரண்டு ஆண்டு உட்கார்ந்திருந்தேன். போனபோது நீர்பாய்ச்சியின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மகன், மடையைத் தூக்கித் திறக்கும் மடைக்கம்பியை எடுத்துவந்து காட்டினார். துருப்பிடித்து, கைபடும் இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. எத்தனை சாண் தூக்கினால் எந்த வயல் வரைக்கும் பாயும் என்று கேட்டேன். "அது அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

ஓரக்கரை:
மேலே சொன்னதோடு எனக்குப் பாதி உடன்பாடு. பெரியவர்களை உடனே பதிவு செய்யுங்கள், ஆனால் அவசரமானதெல்லாம் ஆய்வுக் கேள்வி ஆகிவிடாது. விடை எந்தப் பக்கம் வந்தாலும் எழுத ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கருவேலக் கேள்வி 'இரண்டும்தான்' என்று முடியும், பந்தயம் கட்டுகிறேன். குடிமராமத்துக் கேள்வியில் தண்ணீர் நாள் கூடியிருந்தாலும் செய்தி, கூடாவிட்டாலும் செய்தி. ஆழப்படுத்தாத பக்கத்துக் கண்மாயோடு ஒப்பிட்டால் மழையின் ஏற்றத்தாழ்வும் அடிபட்டுப்போகும். படங்களே போதும்.

மடைக்கல்:
படங்கள் போதாது ஐயா. ஆழம் கூடிய கண்மாயில் அதே தண்ணீர் குறைந்த பரப்பில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் குறைந்துவிட்டது போலத் தெரியும். அதைவிடப் பெரிய சங்கதி, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மோட்டார் வைத்து இறைத்தால்தான் உண்டு. மற்றபடி மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவும்.

கலுங்கடி:
எல்லோருக்கும் நன்றி. மடைக்கல் ஐயாவின் கடைசி வரியைப் படித்துவிட்டு ஞாயிறன்று பக்கத்து ஊருக்குப் போனேன். முன்பு நீர்பாய்ச்சியாக இருந்த தாத்தா கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஆழப்படுத்திய பிறகு எப்படி என்று கேட்டேன். "கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, மடையில் வரவில்லை" என்றார். மீன் குத்தகை எடுத்தவருக்கு நல்லது, கடைமடைக்காரருக்கு ஒன்றுமில்லை என்று கம்பால் கண்மாயின் உள்வாயைக் காட்டினார். அங்கே வெட்டிய குழி மடைவாயைவிட ஓர் ஆள் மட்டம் கீழே கிடந்தது.

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். குடிமராமத்து, கிணறு, மீன் குத்தகை, பங்கீடு என்று நான்காக எழுதிவைத்தது ஒரே கேள்விதான்: மடைமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் யாருக்கு? தூரையும் கருவேலத்தையும் அடித்துவிட்டேன். மீன் குத்தகையை விட மனம் வரவில்லை, அது இதற்குள்ளேயே வருகிறது. படம் பார்க்கும் வேலை சித்திரைக்கு.

எடுத்துக்கொண்டது மூன்று கண்மாய், ஒரே வரத்துக்கால் (நீர் வந்து சேரும் வாய்க்கால்) சங்கிலியில். ஐயா, மடையின் அடிமட்டத்தையும் குழியின் தரையையும் ஒப்பிட மட்டக்கருவிதான் வேண்டுமா, நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பதே போதுமா? ஐப்பசி பிறப்பதற்குள் அளந்தாகவேண்டும்.

மடைக்கல்:
மடைக்கும் குழிக்கும் தூரம் குறைவென்றால் குழாய் மட்டம் போதும், குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடைவாயில் மண் மூடியிருக்கும், கல் தட்டுப்படும் வரை தோண்டிய பிறகே அளவெடுங்கள். துணைக்கு அந்தத் தாத்தாவைக் கூட்டிப் போங்கள், கல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.