புஷ்பா பாட்டு: தெலுங்கிலா, தமிழிலா?

கேள்வி (கிருஷ்ணகிரி): ஆந்திராவில் இருக்கும் குப்பம் ஊருக்குப் போற பஸ்ஸில் தினமும் தெலுங்கு புஷ்பா படப் பாட்டுதான். வீட்டில் தம்பி தமிழில்தான் கேட்பான். இரண்டுக்கும் மெட்டு ஒன்றுதான், ஆனாலும் எனக்கு ஏதோ வேறு படம் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு எது பிடிக்கும்?

பதில் 1 (பர்கூர்): எங்கள் வீட்டில் பேசுவதே தெலுங்கு என்பதால் சொல்கிறேன், 'தாக்கோ தாக்கோ மேக்கா' என்றால் ஒளிஞ்சுக்கோ ஆடே என்று அர்த்தம். தமிழில் பாட்டு எழுதிய விவேகா அதை 'ஓடு ஓடு ஆடு' என்று மாற்றிவிட்டார், பதுங்குகிற ஆடு ஓட ஆரம்பித்துவிட்டது! தாளத்துக்கு நன்றாக உட்கார்ந்திருக்கிறது, அதையும் சொல்லணும். ஆனால் படத்தில் வருவது சித்தூர் பக்கத்துப் பேச்சு, அந்தக் கரகரப்பு தெலுங்கில் எழுதிய சந்திரபோஸ் வரியில்தான் இருக்கிறது.

பதில் 2 (தர்மபுரி): 'ஊ அண்டாவா'வுக்கு இந்திராவதி சௌஹான் குரல், தமிழில் ஆண்ட்ரியா. இதில் மட்டும் நான் தமிழ்க் கட்சி. ஸ்ரீவல்லி இரண்டிலும் சித் ஸ்ரீராம்தானே, அதில் என்ன சண்டை?

கேட்டவர்: சரி அண்ணா, ஆடு விஷயம் இதுவரை தெரியாது.

பதில் 3 (ஓசூர்): இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத்துக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படத்துப் பாட்டுங்க இதெல்லாம். நாலு வரி கேட்பதற்குள் டீக்கடைக்காரர் சேனல் மாற்றிவிடுகிறார், அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.