கவசமில்லாத வண்டியில் வீரர்களைப் போர்முனைக்கு அனுப்பலாமா?

செந்தூல் வாசகன்:
2025 மே மாதம் அமெரிக்கத் தரைப்படை ஒரு முடிவு எடுத்தது. ஹம்வீ என்ற ராணுவ ஜீப் வண்டிகளை இனி வாங்காது. அதற்கு மாற்றாக வந்த ஜேஎல்டிவி கவச வண்டியும் வேண்டாம். ஆனால் ஐஎஸ்வி என்ற இலகு வண்டியைத் தொடர்ந்து வாங்கும். செவர்லே கொலராடோ பிக்கப்பை அடிப்படையாக வைத்துக் கட்டிய வண்டி அது. ஒன்பது பேர் உட்காரலாம். கதவு இல்லை, கவசத் தகடு இல்லை, சுற்றிலும் இரும்புக் குழாய்ச் சட்டம் மட்டும்தான்.

நம் மலேசிய ராணுவமும் இந்த வழியில் போகலாம் என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள். போகவே கூடாது என்பது என் கருத்து. ஈராக்கில் என்ன நடந்தது? 2004 டிசம்பரில், ஈராக்குக்குப் புறப்பட குவைத்தில் காத்திருந்த ஓர் அமெரிக்க வீரர், பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்பெல்டிடமே எழுந்து கேட்டார்: எங்கள் வண்டிக்குக் கவசம் போட நாங்கள் ஏன் குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்க வேண்டும்? கவசம் இல்லாததற்கு வீரர்கள் உயிரால் விலை கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து மறுபடியும் திறந்த வண்டியா?

பாயான் லெப்பாஸ் பையன்:
அண்ணே, ஐஎஸ்வியில் உட்கார்ந்துகொண்டு யாரும் சண்டை போடப் போவதில்லை. கொண்டுபோய் இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. எடை ஏறக்குறைய 2.3 டன். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் அடியில் தொங்கவிட்டுத் தூக்கலாம், பெரிய சினூக் ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள்ளேயே ஏற்றலாம். அது இல்லையென்றால் அதே ஒன்பது பேர் முதுகில் சுமையோடு நடந்து போய், களைத்துப்போன உடம்போடு சண்டையில் இறங்க வேண்டும். அதுவும் ஆபத்துதானே?

கவசத்துக்கும் விலை உண்டு. 2007இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அவசர அவசரமாக வாங்கவைத்த எம்ராப் வண்டிகள், அதாவது கண்ணிவெடியைத் தாங்கும் கனத்த கவச வண்டிகள், ஈராக் சாலைகளில் பல உயிர்களைக் காத்தன, மறுக்கவில்லை. அதே வண்டிகள் ஆப்கானிஸ்தான் மலைப்பாதையில் தடுமாறின. உயரமும் எடையும் சேர்ந்து கவிழ்ந்தன. அதனால்தான் 2009இல் எம்-ஏடிவி என்று சின்னதாக இன்னொன்றைச் செய்ய வேண்டியிருந்தது. சபா உள்பகுதியின் மண்பாதையையும் மரப்பாலத்தையும் நினைத்துப் பாருங்கள்.

செந்தூல் வாசகன்:
முன்னாலேயே இறங்கி நடப்பார்கள் என்று கையேட்டில் எழுதியிருக்கும், சரி. நாம் இறங்குகிற இடத்துக்கு அப்பால்தான் எதிரி காத்திருப்பான் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? 1951 அக்டோபர் 6, பிரேசர் மலைக்குப் போகும் வழியில் மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னியை மறைந்திருந்து சுட்டார்கள். துணைக்கு வந்த போலீஸ்காரர்கள் கவசமில்லாத லேண்ட்ரோவரில் வந்தார்கள். அது போர்முனையே இல்லை, வளைந்து போகும் மலைச்சாலை.

பழைய சார்ஜன்:
நான் எண்பதுகளில், கம்யூனிஸ்டுகளோடு மோதல் நடந்த காலத்தில், பேராக்கின் கிரிக் பக்கம் ராணுவத்தில் இருந்தவன். லேண்ட்ரோவரில் ஏறுவதற்கு முன்னால் வண்டிக்குள் தரையில் மணல் மூட்டை அடுக்குவோம், கண்ணிவெடிக்குப் பயந்து. முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி உட்கார வேண்டும். மூட்டை ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கிவிடும், மேட்டில் வண்டி திணறும். யாரும் புலம்பியதில்லை. கையில் இருந்த ஒரே கவசம் அதுதான்.

தம்பி பாயான் லெப்பாஸ், எம்ராப்பின் உயிர் அதன் எடையில் மட்டும் இல்லை. அடிப்பகுதியை வி வடிவத்தில் செய்திருக்கிறார்கள். வெடியின் வேகம் இரண்டு பக்கமும் சிதறிப் போகும். ஹம்வீயின் அடி தட்டை, தரைக்கும் நெருக்கம். வெடி நேராக ஆள்மேல் பாயும். ஆக, கவசமா கவசமில்லையா என்று மட்டும் பேசினால் போதாது.

அப்புறம் சோமாலியாவின் மொகடிஷு. 1993 அக்டோபரில் அமெரிக்க வீரர்கள் நகருக்குள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களை மீட்கப் போன ஹம்வீ வரிசை சல்லடையாகித் திரும்பியது. கடைசியில் உள்ளே போனது ஐ.நா. படையில் இருந்த நம் மலேசியப் பையன்களின் கோண்டோர் கவச வண்டி. இதை நான் மறக்க மாட்டேன்.

பாயான் லெப்பாஸ் பையன்:
சார்ஜன் அண்ணே, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோண்டோரையும் ஆர்பிஜி, தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டு, துளைத்ததே. பிரைவேட் மாட் அஸ்னான் அவாங் அதில்தான் உயிர்விட்டார். ஈராக்கில் கவசம் ஏற்றிய ஹம்வீ வாய்க்காலில் கவிழ்ந்தபோது, கனமான கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே மூழ்கியவர்கள் உண்டு.

இன்றைக்கு உக்ரைனில் சின்ன டிரோன் ஒன்று டாங்கியையே எரிக்கிறது. இரண்டு மூன்று டன் கவசம் கூட்டினால் டிரோன் நின்றுவிடுமா? ஓடி மறையத் தெரிந்த வண்டிக்குத்தான் பிழைக்க வாய்ப்பு. ரப்பர் தோட்டத்தில் ஐஎஸ்வியை மறைக்கலாம், எம்ராப்பை மறைக்க முடியாது. 1987இல் சாட் நாட்டுப் படை டொயோட்டாவில் போய் லிபியாவின் டாங்கிப் படையை விரட்டியதும் வேகத்தால்தான்.

செந்தூல் வாசகன்:
வேகம் மட்டுமா? அவர்கள் கையில் டாங்கியை உடைக்கும் மிலான் ஏவுகணை இருந்தது, பின்னால் பிரான்ஸ் இருந்தது. அதுவும் திறந்த பாலைவனம். செம்பனைத் தோட்டத்துச் சிவப்பு மண் பாதையில் எந்த வேகத்தில் ஓடுவீர்கள்?

டிரோன் எல்லாமே டாங்கியை எரிக்கிற டிரோன் இல்லை. நிறைய டிரோன்கள் வெறும் கைக்குண்டைத்தான் போடுகின்றன. போரில் அதிகம் பேரைச் சாய்ப்பது குண்டுச் சிதறல். சிதறலைத் தடுக்க மெல்லிய தகடே போதும். திறந்த வண்டிமேல் ஒரு கைக்குண்டு விழுந்தால் ஒன்பது பேரும் அடிபடுவார்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
என் தம்பி தரைப்படையில் இருக்கிறான், அதனால் இதை எழுதுகிறேன். போகிற கதையைத்தான் எல்லாரும் பேசுகிறீர்கள். அடிபட்டவனை எதில் ஏற்றித் திரும்பக் கொண்டுவருவீர்கள்? படுக்கவைக்க இடம் வேண்டும், மருத்துவ உதவியாளர் பக்கத்தில் குனிந்து வேலை செய்ய வேண்டும். மேலே டிரோன் சுற்றும்போது கூரையில்லாத வண்டியிலா?

பாயான் லெப்பாஸ் பையன்:
நல்ல கேள்விக்கா. காயம்பட்டவர்களை எடுக்கக் கவச வண்டிதான் வர வேண்டும், இலகு வண்டி அந்த வேலைக்கு இல்லை. இரண்டும் கலந்த படைதான் நான் கேட்பது. நம்மிடம் கெம்பித்தா என்ற எட்டுச் சக்கரக் கவச வண்டி இருக்கிறது, 257 வண்டிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது பின்னால் தயாராக நிற்கட்டும், முன்னால் போகிறவர்கள் இலகுவாகப் போகட்டும்.

பழைய சார்ஜன்:
கெம்பித்தா 30 டன்னை நெருங்கும் தம்பி. கனத்த வண்டி என்றால் சபா மரப்பாலத்தை நினைத்துப் பாருங்கள் என்று நீதான் எழுதினாய். அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சியின் தம்பி அடிபட்டுக் கிடந்தால் கெம்பித்தா எப்படிப் போகும்? ஐந்தாறு டன்னுக்குள், அடி வி வடிவத்தில், சிதறலைத் தடுக்கும் தகடும் கூரையும், ஒரு ஸ்ட்ரெச்சர் வைக்க இடமும் உள்ள வண்டியைத் தேடச் சொல். வாங்கினால் அதை வாங்கட்டும். அது கிடைக்கிறவரை திறந்த வண்டி கேம்ப்புக்கும் ஹெலிகாப்டர் தளத்துக்கும் நடுவில் ஓடட்டும், ரோந்துக்கு வேண்டாம்.