கேக் அலங்காரத்துக்கு மின்னணு வெட்டும் இயந்திரம்: எழுத்துகள் மூலையில் கிழிவதைத் தவிர்ப்பது எப்படி?

இனிப்புச்சிமிழ் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆர்டரின் பேரில் கேக் செய்து கொடுக்கிறேன். பெயர்களையும் சரிகை போன்ற விளிம்புகளையும் கத்தியால் வெட்டியெடுப்பதிலேயே பாதி நேரம் போய்விடுவதால், கணினியில் வரைந்த வடிவத்தை அப்படியே வெட்டித் தரும் மின்னணு வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். வாழ்த்து அட்டை, ஸ்டிக்கர் வேலைகளுக்கு அது மிகச் சிறப்பாக உழைக்கிறது. ஆனால் ஃபாண்டன்டை (கேக்கை மூடப் பயன்படும் மென்மையான சர்க்கரை மாவை) மெல்லியதாக உருட்டி, இயந்திரத்தின் மேட் எனப்படும் பசையுள்ள விரிப்பின் மேல் வைத்து வெட்டச் சொன்னால் கதையே வேறாகிவிடுகிறது. நேர்கோடுகள் ஒழுங்காக வருகின்றன. பிளேடு மூலையில் திரும்பும்போது மாவும் கூடவே இழுபட்டுச் சுருங்குகிறது. வட்டமாக மூடிய எழுத்துகளின் நடுவில் இருக்கும் சிறு துண்டுகள் பிளேடின் நுனியில் ஒட்டிக்கொண்டு, அடுத்த எழுத்தின் மேல் போய் விழுகின்றன. நன்றாகக் காயவிட்டு வெட்டிப் பார்த்தால் ஓரங்கள் உதிர்கின்றன.

இயந்திரத்தின் அமைப்புகளில் எதை மாற்ற வேண்டும், அல்லது ஃபாண்டன்டை விட்டுவிட்டு வேறு பொருளுக்கு மாறுவதுதான் சரியா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். மேட்டில் இருக்கும் பசை உணவில் படலாமா என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது. இதுவரை வெட்டியவை எல்லாம் சோதனைக்காகத்தான். எதையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கேக்கில் வைக்கவில்லை.

மாவுச்சிற்பி (பதில்)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பொருளை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. இந்த இயந்திரங்களில் வழக்கமாக இருக்கும் பிளேடு, தன் அச்சில் தானே சுழலும்படி பொருத்தப்பட்டது. அதன் வெட்டு முனை அச்சின் மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் விலகி இருக்கும். பாதை திரும்பும்போது, வெட்டப்படும் பொருளின் எதிர்ப்பைக் கொண்டுதான் பிளேடு தன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காகிதம் விறைப்பானது, அந்த எதிர்ப்பைக் கொடுக்கும். ஃபாண்டன்டில் கிளிசரின் இருப்பதால் அது மென்மையாகவே இருக்கும். பிளேடு திரும்புவதற்குப் பதிலாக மாவைத் தள்ளிக்கொண்டு போகும். மூலைகளில் மட்டும் கிழிவதற்கும் நேர்கோடுகள் தப்பிப்பதற்கும் காரணம் இதுதான்.

எனவே காய்ந்தால் விறைப்பாக இறுகும் சர்க்கரை மாவான கம் பேஸ்டுக்கு மாறுங்கள். அது கிடைக்காவிட்டால், சுமார் 250 கிராம் ஃபாண்டன்டுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. தூள் (மாவை இறுக்கும், உண்ணத்தக்க பசைத்தூள்) சேர்த்துப் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு எடுத்தால் ஏறக்குறைய அதே பதம் வந்துவிடும். தூளைச் சேர்த்த கையோடு உருட்டுவதில் பயனில்லை, ஏனெனில் அது ஈரத்தை இழுத்து இறுகுவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும்.

உருட்டும் கனம் 1 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இயந்திரத்தின் இடைவெளி 2 மில்லிமீட்டரை அனுமதிக்கிறது என்று விளக்கக் கையேட்டில் இருந்தாலும், பிளேடைத் தாங்கும் பகுதியின் அடிப்புறம் மாவின் மேல் உரசிக்கொண்டே போகும் என்பதால் அந்த அளவை நம்பி உருட்ட வேண்டாம். மேட்டின் மேல் கெட்டியான வெஜிடபிள் ஷார்ட்டனிங்கை (தாவரக் கொழுப்பை) மிக மெல்லிய பூச்சாகத் தடவி, அதன் மேல் மாவை விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மாவின் அடியில் சோளமாவு இருக்கவே கூடாது. உருட்டும்போது சோளமாவு தூவும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அந்தத் தூள்தான் பிடிமானத்தைக் கெடுத்து, சிறு துண்டுகளைப் பிளேடோடு போக விடுகிறது.

அடுத்தது காயவிடும் நேரம். இதற்கு ஒரே கணக்கு கிடையாது. காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் கால் மணி நேரம் போதும், ஈரம் மிகுந்த நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் சோதியுங்கள்: மேற்பரப்பில் விரல் வைத்தால் ஒட்டக்கூடாது, ஓரத்தைச் சற்றுத் தூக்கினால் விரிசல் விடாமல் வளைய வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்திருக்கும் நேரம் குறுகியது. அதைத் தவறவிட்டால் நீங்கள் சொல்லும் உதிர்தல் தொடங்கிவிடும்.

60 பாகைச் சாய்வுள்ள பிளேடு, மிகக் குறைந்த வேகம், அழுத்தத்தைக் குறைத்து இருமுறை வெட்டு ஆகிய மூன்றும் பெரும்பாலான இயந்திரங்களுக்குப் பொருந்தும். ஒரே முறையில் அழுத்தி வெட்ட நினைப்பதுதான் மாவு இழுபடுவதற்கு இரண்டாவது காரணம். வெட்டி முடித்ததும் எழுத்துகளைப் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றியுள்ள தேவையற்ற மாவை முதலில் அகற்றிவிட்டு, மேட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் பின்புறமாக மெல்ல வளைத்தால் எழுத்துகள் தாமாக விடுபடும்; மீதியை மெல்லிய பேலட் கத்தி பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சரிகை விளிம்புக்கும் நுண்ணிய எழுத்துக்கும் நான் மாவையே எடுப்பதில்லை, பிளாஸ்டிக் தாளின் மேல் ஒட்டி வரும் மெல்லிய, உண்ணத்தக்க சர்க்கரைத் தாளான ஐசிங் ஷீட்தான். இந்த இயந்திரம் அடிப்படையில் காகிதம் வெட்டப் பிறந்தது, ஐசிங் ஷீட்டும் ஏறக்குறைய காகிதம்தான். அந்தப் பிளாஸ்டிக் தாளோடு சேர்த்தே மேட்டில் வைத்து, பிளேடின் ஆழத்தைக் குறைத்து, மேலே உள்ள ஐசிங் மட்டும் வெட்டுப்படும்படி செய்ய வேண்டும். வெட்டிய பின் தாளிலிருந்து உரிய மறுத்தால் சற்று நேரம் திறந்து வைத்துக் காயவிடுங்கள். மீதமுள்ள ஷீட்டுகளை உடனே உறையில் போட்டு மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை எடுக்கும்போது நொறுங்கும். வெண்ணெய் ஐசிங்கின் மேல் வைத்தால் அதன் ஈரத்திலேயே படிந்துவிடும். ஃபாண்டன்ட் மூடிய கேக் என்றால், தூரிகையில் தண்ணீர் தொட்டு, அதைத் துணியில் ஒற்றிவிட்டுத் தடவும் அளவு ஈரமே போதுமானது.

நுண்ணலங்காரம் (பதில்)

வெட்டும் முறையைப் பற்றி மாவுச்சிற்பி விரிவாகச் சொல்லிவிட்டதால், உணவுப் பாதுகாப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை என்பதால், நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

கைவினைக்காக விற்கப்படும் வெட்டும் இயந்திரங்கள் உணவோடு தொடர்புகொள்வதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. மேட்டின் பசை உணவுக்கானது அல்ல. பிளேடு ஏற்கெனவே வினைலையும் மினுமினுப்பு அட்டையையும் வெட்டியிருந்தால், அவற்றின் துகள்கள் பிளேடுக் கூட்டுக்குள் தங்கியிருக்கும். தாளை உள்ளிழுக்கும் உருளைகள் மேட்டின் ஓரங்களில் ஓடுகின்றன, பிளேடு நகரும் தண்டில் மசகு இருக்கும். இவற்றில் எதுவும் மாவைத் தொடக்கூடாது.

2010-ஆம் ஆண்டில் பிரோவோ கிராஃப்ட் நிறுவனம் கேக் வேலைக்கென்றே கிரிகட் கேக் என்னும் இயந்திரத்தை வெளியிட்டது. இப்போது அது தயாரிப்பில் இல்லை. பழையதை வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அது கார்ட்ரிஜ்களில் (செருகும் நினைவகப் பெட்டிகளில்) உள்ள வடிவங்களை நம்பி இயங்கும் பழைய தலைமுறை இயந்திரம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ள இயந்திரத்தைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், பிளேடு, பிளேடுக் கூடு, மேட் ஆகிய மூன்றையும் உணவுக்கென்று தனியாகப் புதிதாக வாங்கி, மூடிய டப்பாவில் வைத்திருங்கள். மேட்டின் பசைப் பக்கத்தின் மேல் உணவுக்குத் தகுந்த தெளிவான பிளாஸ்டிக் தாளை முழுமையாக ஒட்டி, அந்தத் தாளின் மேல் ஷார்ட்டனிங் தடவி வேலை செய்தால் பசையும் மாவும் சந்திக்காது. பிளேடு கீறிய தாளை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். கீறல்களில் சர்க்கரை தங்கும், அதைக் கழுவி எடுக்க முடியாது. பிளேடில் இறுகிய மாவைச் சுரண்ட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் சர்க்கரை கரைந்துவிடும், பின் ஈரமில்லாமல் துடைத்துக் காயவைக்க வேண்டும்.

விற்பனைக்குச் செய்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மேற்சொன்ன ஏற்பாடுகள் எல்லாம் ஆபத்தைக் குறைக்கும். இயந்திரத்தை உணவுக் கருவியாக மாற்றிவிடாது. நானாக இருந்தால் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் கேக்கில் இந்த இயந்திரம் வெட்டிய உண்ணும் பகுதியை வைக்க மாட்டேன். அட்டையில் வெட்டிய டாப்பரை (கேக்கின் மேல் குச்சியோடு நடும் அலங்காரத்தை) வைப்பேன். அதுவும் அட்டை கேக்கில் படாமல், குச்சி மட்டும் உள்ளே இறங்கும்படி. குச்சியையும் உணவுக்குத் தகுந்த உறிஞ்சுகுழாய்க்குள் செருகிவிட்டுத்தான் நடுவேன்.

இனிப்புச்சிமிழ்

இருவருக்கும் மிக்க நன்றி. கம் பேஸ்டில் நாளையே முயன்று பார்க்கிறேன், ஆனால் நுண்ணலங்காரம் கடைசியாகச் சொன்னதுதான் மனத்தில் நிற்கிறது. விற்பனைக் கேக்கில் நேரடியாக வெட்டிய மாவை வைக்காமல், அதே இயந்திரத்தின் துல்லியத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேறு வழி உண்டா? இன்னொரு சிறு ஐயம்: மாவை மேட்டோடு உறைபெட்டியில் வைத்து விறைக்கச் செய்து வெட்டலாம் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரிப்படுமா?

பைப்பிங்பிரியை (பதில்)

உறைபெட்டி முறை வறண்ட காற்றில் சரிப்படும். ஈரக் காற்றில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளியே எடுத்த சில நிமிடங்களில் குளிர்ந்த மாவின் மேல் நீர் பனிக்கும், மேற்பரப்பு பிசுபிசுக்கும், பிளேடு முதல் எழுத்தை அழகாக வெட்டிவிட்டு நான்காவது எழுத்தில் சிக்கிக்கொள்ளும். சிறிய வடிவம், ஒரு நிமிடத்துக்குள் வெட்டி முடிந்துவிடும் என்றால் செய்யலாம். நீண்ட பெயருக்கு வேண்டாம்.

வேறு வழியைப் பற்றிக் கேட்டீர்கள். மாவை வெட்டாமல் ஸ்டென்சிலை, அதாவது எழுத்தின் வடிவில் துளையுள்ள தாளை, வெட்டுங்கள். உணவுக்குத் தகுந்த பி.இ.டி. (ஒரு வகை பிளாஸ்டிக்) தாள், 125 முதல் 190 மைக்ரான் கனத்தில், இந்த இயந்திரங்களுக்கு நன்றாகவே வெட்டுப்படும். பலமுறை ஓட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வெட்டிய தாளைச் சோப்பு நீரில் கழுவிவிட்டால் இயந்திரம் தொட்ட பரப்பு சுத்தமாகிவிடும், அதன்பின் கேக்கைத் தொடுவது கழுவிய தாள் மட்டுமே. கொதிநீரில் மட்டும் போடாதீர்கள், தாள் நெளிந்துவிடும். நெளிந்த ஸ்டென்சிலின் அடியில் ஐசிங் கசியும்.

வடிவத்தை வரையும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டமாக மூடிய எழுத்துகளின் நடுத்துண்டு ஸ்டென்சிலில் தனித்து நிற்காது, விழுந்துவிடும். அதைச் சுற்றுப்புறத்தோடு இணைக்கும் மெல்லிய பாலங்களை மென்பொருளிலேயே வரைந்துவிட வேண்டும். பாலம் 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கழுவும்போது அறுந்துவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் நீண்ட நாள் வரும். அச்சாகிய பின் அந்தப் பால இடைவெளியை நுண்ணிய பைப்பிங் முனையால் நிரப்பிவிட்டால், ஸ்டென்சில் வைத்ததே தெரியாது. சேர்த்தெழுதும் பாணியில் பெயர் எழுதுகிறீர்கள் என்றால், எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடங்களை மென்பொருளில் ஒரே உருவமாக இணைத்துவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு எழுத்தின் வெளிக்கோட்டையும் தனித்தனியாக வெட்டி, சந்திப்புகளை இயந்திரம் துண்டாக்கிவிடும். இது மாவுக்கும் ஐசிங் ஷீட்டுக்கும் பொருந்தும்.

ஸ்டென்சிலின் மேல் பூசும் ராயல் ஐசிங் (முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைத் தூளும் கலந்த, காய்ந்தால் இறுகும் ஐசிங்) பற்பசையின் பதத்தில் இருக்க வேண்டும். ஸ்டென்சிலைக் கேக்கின் மேல் படிய வைத்து, ஒரு கையால் அசையாமல் பிடித்து, ஸ்கிரேப்பரை ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ஐசிங் விளிம்புக்கு அடியில் புகுந்துவிடும். பின் தாளை நேர் மேலாகத் தூக்க வேண்டும், பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது. ஃபாண்டன்ட் மூடிய கேக்கில் மேற்பரப்பு ஒரு நாள் காய்ந்திருந்தால் ஸ்டென்சில் அதன் மேல் தடம் பதிக்காது. வெண்ணெய் ஐசிங் கேக் என்றால் குளிர்பெட்டியில் வைத்து நன்றாக இறுகிய பிறகே தாளை வையுங்கள். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களுக்கு இதே ஸ்டென்சில் நிறம் தெளிக்கவும் உதவும், அங்கே பலமுறை மெல்லிதாகத் தெளிக்காமல் ஒரே முறையில் அதிகமாகத் தெளிப்பதுதான் நிறம் ஒழுகக் காரணமாகிறது.

முப்பரிமாணமாக எழுந்து நிற்கும் எழுத்து வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் ஸ்டென்சில் உதவாது. அப்போதும் மாவைப் பிளேடிடம் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்தின் வடிவை அதே பி.இ.டி. தாளில் வெட்டி, கழுவி, உருட்டிய கம் பேஸ்டின் மேல் வார்ப்புருவாக வைத்து, கூரிய சிறு கத்தியால் ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொள்ளலாம். இயந்திரத்தை விட மெதுவானது என்றாலும், உங்களுக்குக் கத்தி வேலை பழகியது என்பதால் முதல் கேக்கிலேயே ஒழுங்காக வரும். வார்ப்புருவின் அடிப்புறத்தில் மிகச் சிறிதளவு ஷார்ட்டனிங் தடவினால் அது மாவின் மேல் வழுக்காமல் நிற்கும்.