‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ முதலிடத்தை இழந்தது முறைதானா?

செவிநுகர்:

‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2004ஆம் ஆண்டில் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த பாடல்களை வரிசைப்படுத்தியபோது பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ முதலிடத்தில் இருந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அது அசையவில்லை. 2021இல் இசைக்கலைஞர்கள், விமர்சகர்கள் என 250க்கும் மேற்பட்டோர் புதிதாக வாக்களித்தபோது அது நான்காம் இடத்துக்கு இறங்கியது. அரீதா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ முதலிடத்தைப் பிடித்தது. அரீதாவின் பாடல் மகத்தானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ராக் பாடல்களில் தலைசிறந்தது எது என்ற கேள்விக்கு டிலனின் பாடலைத் தவிர வேறு விடை இருக்க முடியாது என்பதே என் கட்சி.

1965க்கு முன் வானொலியில் ஒலித்த பாடல் என்றால் ஏறக்குறைய மூன்று நிமிடம், அதற்குள் ஒரு காதல், ஒரு பிரிவு, ஒரு நடனம். டிலனின் பாடல் ஆறு நிமிடங்களைத் தாண்டியது. வசதியாக வாழ்ந்து தெருவுக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணைப் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறது என்று நான்கு சரணங்களில் விடாமல் கேட்கும் அந்தக் குரலில் ஏளனமும் இருக்கிறது, நேரம் செல்லச் செல்ல ஒருவகை விடுதலையும் வந்து கலக்கிறது. அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தின் விற்பனைப் பிரிவினர் அதன் நீளத்தைக் கண்டு தயங்கினார்கள். வானொலி நிலையங்களுக்குப் பாடலை இரண்டாக வெட்டி, இசைத்தட்டின் இரு பக்கங்களிலும் பாதி பாதியாகப் பதித்து அனுப்பினார்கள். அப்படியும் அது அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் பாடல் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதற்கு மேலே நின்றது பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’ மட்டுமே. ஒரு பாடலில் எதைச் சொல்லலாம், எவ்வளவு நேரம் சொல்லலாம் என்ற எல்லையைத் தகர்த்த பாடல் இதுதான்.

கல்யாழ்:

நீளத்தைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் ராக் இசையில் டிலனோடு தொடங்கியது என்றால், அதற்காக அவரைக் கொஞ்சம் கோபித்துக்கொள்ளவும் வேண்டும். சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ மூன்று நிமிடத்தைக்கூடத் தொடுவதில்லை. 1958 ஜனவரியில் சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்யப்பட்ட அந்தப் பாடலில், பின்னர் வந்த ராக் குழுக்கள் தமக்கு வேண்டிய அனைத்தையும் கண்டெடுத்தன.

தொடக்கத்தில் கிதார் மட்டும் தனியாகப் பாய்கிறது. இரண்டு நாண்களை ஒரே நேரத்தில் அழுத்திச் சற்றே வளைத்து மீட்டும் அந்த நடை, பியானோ வாசிப்பவரின் வலக்கைக்குரிய வேலையைக் கிதாருக்கு மாற்றியது. பிறகு பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளக்கட்டுகளில் சுழன்று வரும் சுரக்கூட்டு அமைப்பின் மேல் கதை ஓடத் தொடங்குகிறது. பல்லவியில் குரல் ஒரு வரி சொன்னதும் கிதார் அதற்குப் பதில் சொல்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் இந்த வாசிப்பைப் படித்தே வளர்ந்தவர்; பீட்டில்ஸ் மேடைகளில் பெர்ரியின் பாடல்களை வாசித்தே தேர்ந்தவர்கள். டிலனையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடல் வெளிவந்த அதே 1965இல் அவர் வெளியிட்ட ‘சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்’ பாடலின் சொல்லோட்டம் பெர்ரியின் ‘டூ மச் மங்கி பிசினஸ்’ பாடலிலிருந்து வந்தது. கடன் கொடுத்தவரைக் கீழே நிறுத்திவிட்டு வாங்கியவரை அரியணையில் ஏற்றுவது என்ன கணக்கு?

1977இல் வாயேஜர் விண்கலங்களில், பூமியின் ஒலிகளைப் பதித்து வைத்து அனுப்பிய தங்கத்தட்டில் இடம்பெற்ற ஒரே ராக் பாடலும் இதுதான். இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி அதே தட்டில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன், நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை.

செவிநுகர்:

கல்யாழ் அவர்களே, தாங்கள் கொண்டாடும் அந்தத் தொடக்கக் கிதார் ஏறத்தாழ சுரத்துக்குச் சுரம் லூயி ஜோர்டனின் 1946ஆம் ஆண்டு இசைத்தட்டில் கார்ல் ஹோகன் வாசித்தது. பெர்ரியே ஹோகனுக்குத் தாம் பட்ட கடனை மறைத்ததில்லை. யார் முதலில் என்பதுதான் அளவுகோல் என்றால் அரியணையைத் தூக்கிக்கொண்டு ஜோர்டனிடம் போக வேண்டும். அங்கிருந்து, 1944இலேயே மின்கிதாரோடு தேவாலயப் பாடலைத் துள்ளவிட்ட சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பிடம் போக வேண்டும். முதன்மை வேறு, சிறப்பு வேறு. விண்கலம் எதைச் சுமந்து சென்றது என்பது ஒரு குழுவின் தேர்வு. அது பாடலின் தரத்துக்குச் சான்றாகாது.

கல்யாழ்:

பெர்ரி முதலில் வந்தார் என்று நான் வாதாடவே இல்லை. ஹோகன் வாசித்தது ஒரு பாடலின் முன்னுரை. அது முடிந்ததும் பாடல் தன் வழியே போய்விடும், கிதாரும் பின்வரிசைக்குத் திரும்பிவிடும். பெர்ரி அந்த வாசிப்பைக் கதையின் நாயகனாகவே ஆக்கினார். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத, லூயிசியானாக் காட்டுக்குள் மரக்குடிசையில் வளர்ந்த ஒரு பையன் கிதார் வாசிக்கிறான். ஒருநாள் அவன் பெயர் விளக்கொளியில் மின்னும் என்கிறாள் தாய். அவன் எப்படி வாசிப்பான் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வாசிப்பு நம் காதில் விழுகிறது. சொல்லும் பொருளும் கருவியும் இப்படி ஒன்றாகிவிட்ட ராக் பாடல் அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை, பின்னர் வந்தவையும் சொற்பம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பையனைக் கறுப்பினச் சிறுவன் என்றுதான் பெர்ரி முதலில் எழுதியிருந்தார். அப்படியே விட்டால் வானொலிகள் ஒலிபரப்ப மாட்டா என்பதால் நாட்டுப்புறச் சிறுவன் என்று மாற்றினார். 1958 அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் கலைஞர், தன் கதையைத் தானே சொல்வதற்காக ஒற்றைச் சொல்லை விலையாகக் கொடுத்த பாடல் அது. டிலனின் ஆறு நிமிடத்தில் இருக்கும் துணிச்சலை எடைபோடும்போது இதையும் அதே தராசில் வைத்துப் பாருங்கள்.

வெண்கலக்குரல்:

இருவரும் கிதாரையும் சொல்லையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாடல் என்பது காதில் விழும் ஒலி. அந்த ஒலியை வைத்து ராக் இசை எதுவரை போகும் என்று காட்டியது குவீன் குழுவின் ‘போஹீமியன் ராப்சடி’.

1975இல் வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக்கூடத்தில் அதன் பதிவு தொடங்கியது. நடுவில் வரும் ஆபெரா பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. ஃபிரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகிய மூவரே நாள்தோறும் பத்து, பன்னிரண்டு மணிநேரம் பாடிப் பாடி, ஒரு குரலின் மேல் இன்னொரு குரலைப் பதித்து, பெரிய பாடகர் கூட்டமே நிற்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள். அன்று கையிலிருந்தது ஒலிகளை 24 தனித்தனித் தடங்களில் பதியும் கருவி. இடம் போதாமல், பதிந்த தடங்களை ஒன்றாகக் கலந்து வேறு தடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் மறுபடியும் பாடினார்கள். அப்படி நூற்றெண்பது வரை குரற்பதிவுகள் சேர்ந்தன. ஓடி ஓடிக் காந்தப்பூச்சு உதிர்ந்த ஒலிநாடாவை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம்.

பல்லவியே இல்லாத பாடல் அது. மென்மையான பியானோப் பகுதி, கிதார், ஆபெரா, காது கிழியும் ராக், மறுபடியும் அமைதி என்று ஒருமுறை கடந்த இடத்துக்குத் திரும்பாமலே போகிறது. 5 நிமிடம் 55 விநாடி. வானொலிக்கு ஒத்துவராது என்றார்கள். பிரிட்டனில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. 1991 நவம்பரில் மெர்க்குரி மறைந்த பின் மீண்டும் அங்கே முதலிடத்துக்கு வந்தது. செவிநுகர் ஐயா மதிக்கும் அதே இதழின் 2004ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தப் பாடல் முதல் நூறுக்குள்கூட இல்லை; 2021இல் முதல் இருபதுக்குள் வந்துவிட்டது. பதினேழு ஆண்டில் பாடலில் ஒரு சுரமும் மாறவில்லை, வாக்களித்தவர்களே மாறினார்கள்.

கல்யாழ்:

அந்த ஆபெரா பகுதியைக் குவீன் குழுவினர் மேடையில் எப்படி வழங்கினார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாமே! மேடையை விட்டு உள்ளே போய்விடுவார்கள், ஒலிநாடா ஓடும், ராக் பகுதி வந்ததும் திரும்பி வருவார்கள். 1985இல் லைவ் எய்டு என்ற நிதிதிரட்டு இசை நிகழ்ச்சியில் அந்தப் பகுதிக்கு முன்பாகவே பாடலை நிறுத்திவிட்டு ‘ரேடியோ கா கா’வுக்குத் தாவினார்கள். இயற்றியவர்களாலேயே முழுதாக வாசிக்க முடியாத ஒன்று வியக்கத்தக்க ஒலிப்பதிவாக இருக்கலாம். ராக் பாடல்களில் தலைசிறந்தது என்று அதைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெண்கலக்குரல்:

அந்த நியாயத்தின்படி பீட்டில்ஸின் ‘எ டே இன் த லைஃப்’ பாடலையும் கழித்துவிட வேண்டியதுதான். 1966 ஆகஸ்டோடு அவர்கள் இசைப்பயணங்களை நிறுத்திவிட்டார்கள். 1967 பிப்ரவரியில் நாற்பது இசைக்கலைஞர்களை அழைத்து, கீழ்ச்சுரத்திலிருந்து மேல்நோக்கி அவரவர் விருப்பப்படி ஏறச்சொல்லிப் பதிவு செய்த அந்தப் பாடலை அவர்கள் நால்வரும் ஒருமுறைகூட மேடையில் வாசித்ததில்லை. மேடைக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கூடத்துக்கு ஒன்று என ராக் இசைக்கு இரண்டு வீடுகள் உண்டு. அதில் ஒரு வீட்டுக்கு மட்டும் வரி ரசீது காட்டுகிறீர்கள்.

மேலமாசிவீதி:

மூவரும் ‘ரெஸ்பெக்ட்’ பாடலை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே சண்டையிடுகிறீர்கள். அது ஏன் ராக் கணக்கில் வராது என்று யாரேனும் காரணம் சொன்னீர்களா? ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் 1987இல் அரீதாவைச் சேர்த்துக்கொண்டது. அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவரே.

‘ஹவுண்ட் டாக்’ பாடலை 1952இல் பிக் மாமா தார்ன்டன் பாடினார். அடுத்த ஆண்டு அது வெளிவந்தபோது ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற வரிசையில்தான் வைத்தார்கள். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியதும் அது ராக் அண்ட் ரோல் வரலாற்றின் மைல்கல் ஆகிவிட்டது. யார் பாடினால் ராக், யார் பாடினால் சோல் என்னும் கறுப்பினத்தவர் இசை என்று பிரித்த கோடு இசையிலிருந்து பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

‘ரெஸ்பெக்ட்’ பாடலுக்கே வருகிறேன். ஓடிஸ் ரெட்டிங் எழுதி 1965இல் பாடிய வடிவத்தில், வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் தன் மனைவியிடம் மரியாதை கேட்கிறான். 1967 பிப்ரவரியில் அரீதா அதைப் பெண்ணின் குரலாகத் திருப்பினார். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் இடமும், சகோதரிமார் பின்னணியில் அடுக்கிச் சொல்லும் சொற்களும், கிங் கர்டிஸின் சாக்ஸஃபோன் பகுதியும் ரெட்டிங்கின் பதிவில் கிடையா. இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு பாடலின் பொருளையே தலைகீழாக்கிய பதிவு அது. கோபம், அதிகாரம், தாளம் ஆகிய மூன்றும் ராக் இசைக்கு வேண்டும் என்பீர்களானால் அங்கே குறைவது எது?

செவிநுகர்:

மேலமாசிவீதி அவர்கள் சொல்லும் கோட்டை நானும் ஏற்பதில்லை. தார்ன்டனின் ‘ஹவுண்ட் டாக்’ எனக்கு எல்விஸின் பதிவைவிட மேலானது. ஆயினும் அந்தப் பட்டியல் எல்லா வகைப் பாடல்களுக்கும் உரியது. அதில் முதலிடம் பெற்ற பாடல் ராக் பாடல்களிலும் முதலாவது என்று தானாக ஆகிவிடாது. ‘ரெஸ்பெக்ட்’ பதிவில் தாளமும் ஊதுகருவிகளும் குரலுக்குப் பணிவிடை செய்கின்றன, அதுதான் அதன் அழகு. ராக் பதிவில் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் பாடகரோடு முட்டி மோதிக்கொண்டு வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

அந்த மோதலை 1965 ஜூன் 16 அன்று கொலம்பியாவின் நியூயார்க் கூடத்தில் நடந்த டிலன் பாடலின் பதிவில் கேட்கலாம். முந்தைய நாள் அவர்கள் அதை மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் தாளத்தில் முயன்று கைவிட்டிருந்தார்கள். மறுநாள், 21 வயது ஆல் கூப்பர் வேடிக்கை பார்க்க வந்தவர். கிதார் வாசிக்கும் ஆசை இருந்தது, மைக் புளூம்ஃபீல்டு வாசிப்பதைக் கேட்டதும் கிதாரை ஓரமாக வைத்துவிட்டார். ஆர்கன் முன்னால் இடம் காலியானதும் போய் அமர்ந்துகொண்டார். அவருக்கு அந்தக் கருவி பழக்கமில்லை. மற்றவர்கள் எந்தச் சுரக்கூட்டுக்கு மாறுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு இம்மியளவு பின்தங்கியே வாசித்தார். தயாரிப்பாளர் டாம் வில்சன் அவர் ஆர்கன் கலைஞரே இல்லை என்றபோதும், ஆர்கனின் ஒலியைக் கூட்டச் சொன்னார் டிலன். அந்தப் பின்தங்கலைப் பல்லவியில் இன்றும் தெளிவாகக் கேட்கலாம். பாடலின் அடையாளமே அதுதான். அன்றைய நான்காம் முயற்சிதான் இசைத்தட்டில் உள்ளது. அதன் பிறகும் பதினொரு முறை முயன்றார்கள், ஒன்றும் தேறவில்லை.

கல்யாழ்:

தாங்கள் இப்போது புகழ்ந்தது ஒரு பிற்பகலின் தற்செயலை. அதே மனிதர்கள் அதே அறையில் பதினொரு முறை முயன்றும் கைக்கு வராததைப் பாடலின் பெருமையாகக் கொள்வதா, அந்த ஒரு பதிவின் நல்வாய்ப்பாகக் கொள்வதா? வெண்கலக்குரலிடம் நான் கேட்டதும் இதுவேதான். கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நம் இருவரின் பாடல்களையும் மேடையில் வாசித்திருக்கிறார்: தங்கள் பாடலை 1967இல் மான்டரேயில், ‘ஜானி பி. குட்’ பாடலை 1970இல் பெர்க்லியில். மான்டரே வாசிப்பு அழகானது, நிதானமானது. ஆனால் கேட்கும்போதெல்லாம் கூப்பரின் ஆர்கன் எங்கே என்று என் மனம் தேடுகிறது. பெர்க்லி வாசிப்பில் அவர் பாடலை வெறித்தனமான வேகத்தில் ஓட்டுகிறார், நாண்களைப் பல்லால்கூட மீட்டுகிறார், பெர்ரியின் பாடலில் எதுவும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

செவிநுகர்:

தேடவைக்கிறது என்றால் அந்த ஆர்கன் பாடலுக்குள் அவ்வளவு ஆழமாகப் போய்விட்டது என்றுதானே பொருள்? தற்செயலாக வந்ததை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது டிலனின் செவி, அதுவும் இயற்றுவதில் ஒரு பகுதிதான். மான்டரேயில் ஹென்ட்ரிக்ஸ் ஒரு சரணத்தை விட்டுவிட்டுப் பாடியும் அரங்கம் கிறங்கி நின்றது. என் வாக்கு மாறாது. வெண்கலக்குரல் அவர்கள் ‘எ டே இன் த லைஃப்’ பற்றித் தனியாக எழுதினால், அங்கே அவருக்கு எதிராக வாதாடவும் சித்தமாயிருக்கிறேன்.