காலை 11 மணிக்கே 2 ஜி.பி. காலி: லேப்டாப்பில் எது தின்கிறது?

பெருங்குடிவாசி:
வணக்கம். எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியதில் பைபர் கேபிள் அறுந்து மூன்று வாரம் ஆகிறது. அதிலிருந்து போன் நெட்டில்தான் ஆபீஸ் வேலை. தினம் 2 ஜி.பி. பிளான். முதல் இரண்டு வாரம் ராத்திரி வரை தாங்கியது. இப்போது காலை 11 மணிக்கே தீர்ந்து, வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகிவிடுகிறது. மெயில், எக்செல், அரை மணி நேர மீட்டிங், அவ்வளவுதான் என் வேலை. விண்டோஸ் 11. மீட்டர்ட் கனெக்ஷனும் (இது அளவுள்ள நெட், டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழி என்று விண்டோஸுக்குச் சொல்லும் செட்டிங்) ஆன் செய்திருக்கிறேன். வைரஸாக இருக்குமோ?

டாங்கிள்தாசன்:
தனியாக ஒரு டாங்கிள் (சிம் போட்டு லேப்டாப்பில் செருகும் நெட் கருவி) வாங்கிவிடுங்கள் சார். போனும் சூடாகாது.

ராயபுரம் ரவுட்டர்:
டாங்கிள் வாங்கினால் அதிலும் 2 ஜி.பி. 11 மணிக்குத்தான் தீரும். ஓட்டை வாளியில் இல்லை, குழாயில் இருக்கிறது :)
வைரஸ் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். வைஃபை ஹாட்ஸ்பாட்டில் இணைக்கிறீர்களா, யு.எஸ்.பி. கேபிளிலா? இடையில் எதையாவது மாற்றினீர்களா?

பெருங்குடிவாசி:
முதலில் ஹாட்ஸ்பாட். மதியம் மாடி அறையில் போன் தோசைக்கல் மாதிரி சுட்டது, சார்ஜும் நிற்கவில்லை. அதனால் போன வாரத்திலிருந்து கேபிள். ஏன் கேட்கிறீர்கள்?

ராயபுரம் ரவுட்டர்:
அதுதான் விஷயம். மீட்டர்ட் என்பது லேப்டாப் முழுமைக்குமான சுவிட்ச் இல்லை. எந்த இணைப்பில் வைத்தீர்களோ அதற்கு மட்டும்தான். நீங்கள் வைத்தது ஹாட்ஸ்பாட் பெயருக்கு. கேபிளில் இணைத்தால் விண்டோஸ் அதை ஈதர்நெட் (கம்பி வழி நெட்) என்று எடுத்துக்கொள்ளும், வீட்டு பிராட்பேண்ட் வந்துவிட்டது என்று நினைத்து அள்ளி விடும். ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினாலும் இதே கதைதான்.

கேபிள் இணைப்பில் இருக்கும்போதே செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் போய் மீட்டர்டை ஆன் செய்யுங்கள். அப்புறம் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் திறந்து, மேலே ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்த செயலி எவ்வளவு தின்றது என்று கடைசி 30 நாள் கணக்கு வரும். முதல் நான்கு பெயரை இங்கே போடுங்கள்.

பெருங்குடிவாசி:
பார்த்தேன். ஒன்டிரைவ் (மைக்ரோசாப்டின் ஆன்லைன் சேமிப்பு) 8.7 ஜி.பி.! பிரௌசர் 1.9, சிஸ்டம் 1.2, மீட்டிங் செயலி 0.9. ஒன்டிரைவில் நான் எதையும் இறக்கவே இல்லையே?

ராயபுரம் ரவுட்டர்:
இறக்கவில்லை, ஏற்றியிருக்கிறீர்கள். ஏற்றுவதும் பிளானில் கழியும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் பெரிதாக ஏதாவது வைத்தீர்களா? ஒன்டிரைவ் பேக்கப் ஆன் செய்திருந்தால் டெஸ்க்டாப்பில் போடுவதெல்லாம் ஒன்டிரைவுக்கு ஏறிவிடும். மீட்டர்ட் இணைப்பில் ஒன்டிரைவ் தானே நின்றுவிடும். அதனால்தான் ஹாட்ஸ்பாட் நாட்களில் தெரியவில்லை.

பெருங்குடிவாசி:
ஐயோ! தங்கை கல்யாண போட்டோ, வீடியோ. பென்டிரைவிலிருந்து மொத்தம் 14 ஜி.பி. எடுத்து டெஸ்க்டாப்பில் கொட்டி வைத்தேன். தினம் ராத்திரி 12 மணிக்குப் புது டேட்டா வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறது போல. லேப்டாப்பை நான் அணைப்பதே இல்லை.

மிண்ட்பிரியன்:
லினக்ஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கே நெட் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரிலும் மீட்டர்ட் உண்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக. கணக்குப் பார்க்க வி.என்.ஸ்டாட் என்ற புரோகிராம் போதும், நாள்வாரியாகக் காட்டும்.

ராயபுரம் ரவுட்டர்:
இன்னும் இரண்டு விஷயம். சில போன்களில் கேபிளைக் கழற்றிச் செருகும்போது நெட்வொர்க் 3, நெட்வொர்க் 4 என்று புதுப் பெயர் வரும். அப்போது மீட்டர்ட் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டேட்டா வரம்பும் வைக்கலாம். ஆனால் மாதக் கணக்கு அல்லது ஒருமுறை என்றுதான் இருக்கும், தினக் கணக்கு கிடையாது. உங்கள் பிளானுக்குப் போனில் வரும் எஸ்.எம்.எஸ்.ஸே மேல். பைபர் வந்ததும் லேப்டாப்பை ஒரு நாள் ஓடவிட்டு அப்டேட்டுகளை முடித்துவிடுங்கள், மீட்டர்டில் பெரும்பாலானவை காத்துக் கிடக்கும்.

பெருங்குடிவாசி:
நன்றி அண்ணா. இன்று மாலை 6 மணிக்கு 1.1 ஜி.பி.தான் ஆகியிருக்கிறது. கல்யாணத்தை டி டிரைவுக்கு மாற்றிவிட்டேன்.