மீன் கம்பெனி கணக்கு: பழையதைத் திறக்கப் போனால் புதுசு உருவாகிவிடுகிறது

பாம்பன் கரை:

பாம்பனில் ஒரு மீன் கம்பெனியின் கணக்கு சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறேன். எழுதியவர் வேறொருவர். அவர் துபாய் போய்விட்டார், கோடு (நிரல்) மட்டும் என் கைக்கு வந்திருக்கிறது. எழுதியது பைத்தானில், திரைக்கு டிகின்டர், பதிவுகளைச் சேமிக்க எஸ்க்யூலைட். படகு ஒன்றுக்கு ஒரு பக்கம்: கொடுத்த முன்பணம், டீசல், ஐஸ், இறங்கிய மீன், அதில் கழித்தது, நிற்கிற பாக்கி.

முதலாளி கணக்கைப் பென்டிரைவில்தான் வைப்பார். சாயங்காலம் ஷெட்டைப் பூட்டினால் அது அவர் சட்டைப்பையில் வீட்டுக்குப் போய்விடும். “கம்ப்யூட்டர்ல கெடந்தா கண்டவனும் பாப்பான்” என்பது அவர் கட்சி. அதை மாற்றச் சொல்லி யாரும் யோசனை சொல்ல வேண்டாம், சொல்லிப் பார்த்தாயிற்று.

சாஃப்ட்வேரைத் திறந்ததும் ஒரு டயலாக் வரும். தலைப்பு “கணக்கு இடம்”. நீளக் கட்டத்தில் ஃபோல்டர் பாதை, கீழே “சரி”, “ரத்து”, ஓரத்தில் “இனி கேட்காதே” என்று ஒரு டிக். போன தடவை திறந்த இடம் கிடைக்கவில்லை என்றால், டாக்குமென்ட்ஸ் கீழே “கணக்கு” என்று பாதையைத் தானே நிரப்பிக்கொள்ளும். சரி தட்டியதும், அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டால் உண்டாக்கி, காலிக் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்துவிடும். ஒரு வார்த்தை சொல்லாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் யாரோ கம்ப்யூட்டரில் இன்னொரு ஹார்ட்டிஸ்க் சேர்த்திருக்கிறார்கள். ஈ டிரைவாக இருந்த பென்டிரைவ் எஃப் ஆகிவிட்டது. படகுகள் மறுபடி தொழிலுக்குப் போன வாரம், கவுன்டரில் இருக்கும் பிள்ளை வழக்கம்போல என்டர் தட்டினாள். உள்ளே ஒரு படகும் இல்லை. முதலாளி புதுக் கணக்குப் போட்டுவிட்டார் போல என்று நினைத்து, வந்த படகையெல்லாம் புதிதாக ஏற்றினாள். வலைக்கும் எஞ்சின் வேலைக்கும் வாங்கிய முன்பணம் பழைய கணக்கில் உட்கார்ந்திருக்க, மீன் பணம் பிடித்தம் இல்லாமல் முழுசாகக் கைமாறிவிட்டது. முதலாளி கண்டுபிடித்த அன்று ஷெட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

“புதுக் கணக்கு உருவாக்கவா? ஆம் / இல்லை” என்று ஒரு பெட்டி போட்டால் போதுமா?

தொண்டி வடக்கு:

டயலாக்குக்கு அப்புறம் வரலாம். முதலில் கோட்டைப் பாருங்கள், ஓட்டை அங்கேதான் இருக்கும்.

பைத்தானில் எஸ்க்யூலைட் கனெக்டுக்குக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால், கோப்பு இல்லையே என்று முறையிடாது. அந்தப் பெயரில் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். கோப்பை முகவரி போல எழுதும் யுஆர்ஐ முறைக்கு மாறி, மோட் என்பதை ஆர்டபிள்யூ (படிக்க, எழுத மட்டும்) என்று கொடுங்கள். ஆர்டபிள்யூசி என்று கொடுத்தால்தான் உருவாக்கும். ஆர்டபிள்யூவில் கோப்பு இல்லாவிட்டால் பிழை வரும். அந்தப் பிழைதான் உங்களுக்கு வேண்டியது.

“கிரியேட் டேபிள் இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்” (அட்டவணை இல்லாவிட்டால் உண்டாக்கு) வரிகள் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் சம்பந்தமே இல்லாத காலிக் கோப்பும் உங்கள் கணக்கு மாதிரி வேஷம் போட்டுக்கொள்ளும். அதையும் ஃபோல்டர் உண்டாக்கும் மேக்டிர்ஸ் வரியையும் வெட்டி எடுத்து, “புதுக் கணக்கு” என்ற ஒரே ஃபங்ஷனுக்குள் வையுங்கள். ஃபோல்டர் தேர்வுக்கு டிகின்டரின் ஆஸ்க்டைரக்டரி பயன்படுத்தினால் மஸ்ட்எக்ஸிஸ்ட் (ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கவேண்டும்) என்பதை ட்ரூ ஆக்குங்கள். சும்மா விட்டால் அது ஃபால்ஸ்.

கீழக்கரை நிரலி:

தொண்டிக்காரர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதோடு விட்டால், காலையில் அந்தப் பிள்ளை முன்னால் ஒரு பிழைச் செய்தி மட்டும் நிற்கும்.

ஆம்/இல்லை பெட்டி வேண்டவே வேண்டாம். டிகின்டரின் ரெடிமேட் பெட்டியில் என்டர் தட்டினால் “ஆம்” பக்கம்தான் போகும், டிஃபால்ட்டை நீங்களாக மாற்றினால் ஒழிய. மாற்றினாலும் பிரயோஜனம் கொஞ்சம்தான். கணக்கைத் திறக்க வந்தவளுக்கு “உருவாக்கவா” என்ற கேள்வி மனதில் ஏறாது. “உள்ளே போகவா” என்று கேட்கிறதாக எடுத்துக்கொண்டு தட்டிவிடுவாள்.

சென்னையில் ஜாவா வேலை பார்த்தபோது, கோடு எழுதப் பயன்படும் எக்ளிப்ஸ் சாஃப்ட்வேரில் இதே கூத்தைப் பார்த்திருக்கிறேன். திறந்ததும் வொர்க்ஸ்பேஸ், அதாவது ப்ராஜெக்ட்கள் இருக்கும் ஃபோல்டர், எது என்று கேட்கும். பாதையில் ஒரு எழுத்து பிசகினால் போதும், அந்தப் பெயரில் புதிதாக ஒரு வொர்க்ஸ்பேஸ் பிறந்து, வரவேற்புப் பக்கம் சிரிக்கும். ப்ராஜெக்ட் எல்லாம் போச்சே என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் வெலவெலத்துப் போவார்கள். எதுவும் போயிருக்காது, பழைய ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். அந்த டயலாக்கிலும் “இதையே வைத்துக்கொள், இனி கேட்காதே” என்று ஒரு டிக் உண்டு. தப்பான இடத்தில் அந்த டிக்கைப் போட்டுவிட்டால் மறுநாளும் நேராகத் தப்பான இடத்துக்கே போகும். எனக்கு எரிச்சல் என்னவென்றால், எக்ளிப்ஸ் ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸிலும் மெட்டாடேட்டா என்று ஒரு ஃபோல்டர் வைக்கிறது. அது இருந்தால் பழையது, இல்லாவிட்டால் புதுசு. தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே பட்டனை எதற்கு வைக்க வேண்டும்?

உங்கள் கதைக்கு வருவோம். கணக்கை அது இருக்கும் இடத்தை வைத்து அடையாளம் காண்பதுதான் கோளாறு. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளேயே ஒரு தனி அடையாள எண் எழுதிவையுங்கள். சாஃப்ட்வேர் அந்த எண்ணை நினைவில் வைத்து, செருகியிருக்கும் டிரைவ்களில் தேடட்டும். ஈ எஃப் ஆனாலும் ஜி ஆனாலும் கவலை இல்லை. கண்டுபிடித்துவிட்டால் கேள்வியே கேட்காமல் திறக்கலாம், “இனி கேட்காதே” டிக்குக்கும் வேலை இல்லை. திறந்த பிறகு மேலே பெரிய எழுத்தில் எது திறந்திருக்கிறது என்று தெரியட்டும். பாதையைக் காட்டாதீர்கள், அது யாருக்கும் புரியாது. அவர்களுக்குத் தெரிந்ததைக் காட்டுங்கள்:

“பாம்பன் கணக்கு. 38 படகுகள். கடைசிப் பதிவு: ஞாயிறு காலை, 412, கணவாய்.”

உங்கள் பக்கத்து விசைப்படகு எண் எல்லாம் டிஎன் 10 எம்எம் என்றுதானே தொடங்கும், கடைசி எண் போதும். அந்த வரியில் “0 படகுகள்” என்று வந்திருந்தால் அந்தப் பிள்ளை அப்போதே முதலாளிக்குப் போன் போட்டிருப்பாள்.

கிடைக்கவில்லை என்றால் வரவேண்டிய டயலாக் இது:

“பாம்பன் கணக்கு இருக்கும் பென்டிரைவைக் காணோம். கடைசியாக ஏப்ரல் 15 அன்று திறந்தது. பென்டிரைவை மாட்டிவிட்டு மறுபடி தேடுங்கள்.”

பட்டன்கள் மூன்று: “மறுபடி தேடு”, “வேறு கணக்கைத் திற”, “மூடு”. என்டர் தட்டினால் மறுபடி தேட வேண்டும். ஆயிரம் தடவை தட்டினாலும் தேடிக்கொண்டே இருக்கும், நஷ்டமில்லை. “புதுக் கணக்கு” இந்தத் திரையில் எங்கேயும் இருக்கக்கூடாது. அது மெனுவுக்குள் போகட்டும், முதலாளி பாஸ்வேர்டு போட்டால் மட்டும் திறக்கட்டும். ரெடிமேட் பெட்டியில் பட்டன் பெயரை மாற்ற முடியாது, டாப்லெவல் என்ற தனி விண்டோவாக நீங்களே செய்யவேண்டியிருக்கும். அரை நாள் வேலை.

ராமேஸ்வரம் ஐஸ் பிளான்ட்:

தம்பி, எனக்குக் கோடு தெரியாது. கணக்கு எழுதுகிற ஆள் என்பதால் சொல்கிறேன்.

அந்த அம்மா சொன்ன திரை நன்றாக இருக்கிறது, பாஸ்வேர்டு மட்டும் வேண்டாம். முதலாளி ஏலத்தில் நிற்பார், போனை எடுக்கமாட்டார். எங்கள் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை கரைக்கு வரும். வந்தால் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் வரும். அப்போது ஒருவர் ஐஸ் கேட்பார், ஒருவர் ரேட் கேட்பார், ஈரக்கையோடு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்போம். பாஸ்வேர்டு என்று வைத்தால் மறுநாளே அது மானிட்டரில் சீட்டாக ஒட்டியிருக்கும். எங்கள் ஆபீஸில் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்று. புதுக் கணக்கு நிஜமாகவே வேண்டிய நாளும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. சில கம்பெனியில் தடை முடிந்ததும் புதுப் புத்தகம் போடுவார்கள், சிலர் நிதியாண்டுக்குப் போடுவார்கள். ஆனால் எந்தக் கணக்குப்பிள்ளையும் பழைய பாக்கியை எடுத்து எழுதாமல் புதுப் புத்தகத்தில் முதல் பக்கத்தை ஆரம்பிக்கமாட்டான். உங்கள் சாஃப்ட்வேரும் அதைத்தான் முதலில் கேட்கவேண்டும்: எந்தக் கணக்கிலிருந்து பாக்கியைக் கொண்டுவருவது? பழைய கணக்கைக் காட்டினால்தான் புதியது திறக்கும் என்று வையுங்கள். பென்டிரைவ் இல்லாமல் புதுக் கணக்கு போடவே முடியாது. எதற்குப் பாஸ்வேர்டு?

டேலி கணக்கு சாஃப்ட்வேரில்கூடக் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது ஒரு இடம், புதுக் கம்பெனி உருவாக்குவது வேறு இடம். அங்கே பெயர், விலாசம், நிதியாண்டு எல்லாம் நிரப்பவேண்டும். கைதவறி யாரும் அவ்வளவையும் நிரப்பமாட்டார்கள்.

கீழக்கரை நிரலி:

அண்ணே, பாஸ்வேர்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாக்கி கேட்கிற யோசனை அதைவிட எவ்வளவோ மேல். முதல்முதலாக நிறுவும்போது மட்டும் பழைய கணக்கு இருக்காது, அதற்கு ஒரு தனி வழி வைத்தால் போதும்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். புதுக் கணக்குத் திரையைத் திறந்ததுமே பென்டிரைவில் எதையும் எழுதாதீர்கள். பாக்கி வந்து, முதல் பதிவைச் சேமிக்கும்போது கோப்பு உருவானால் போதும். நடுவில் மூடிவிட்டால் குப்பை மிஞ்சாது.

பாம்பன் கரை:

எல்லோருக்கும் நன்றி. ஆர்டபிள்யூ மாற்றம் போட்டுவிட்டேன், அடையாள எண்ணும் ஏற்றியாயிற்று. டிரைவ் எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தேன், எங்கே மாற்றினாலும் கண்டுபிடித்துவிடுகிறது. காணோம் திரையை அந்தப் பிள்ளையிடமே காட்டினேன். “மறுபடி தேடுன்னு எழுதியிருக்கு, பென்டிரைவ் எங்க இருக்குன்னு யாரைக் கேக்கணும்னு இல்லையே” என்றாள். முதலாளி நம்பரை அதிலேயே போட்டுவிட்டேன்.

மிச்சம் ஒரு தலைவலி. டாக்குமென்ட்ஸில் “கணக்கு”, “கணக்கு புது”, “கணக்கு 2” என்று கிடக்கின்றன. எல்லாவற்றிலும் உண்மையான பதிவுகள் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. ஸ்கிரிப்ட் எழுதிப் பழைய கணக்கோடு சேர்த்துவிடலாமா?

தொண்டி வடக்கு:

மூன்றையும் அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். சாஃப்ட்வேர் தானே படகுக்குக் கொடுக்கும் உள் எண்ணை வைத்துச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கணக்கிலும் அது 1-லிருந்து தொடங்கியிருக்கும், ஒருவர் மீன் இன்னொருவர் பக்கத்தில் போய் விழும். பதிவு எண்ணை வைத்துப் பொருத்துங்கள். அதிலும் அந்தப் பிள்ளை அவசரத்தில் கடைசி எண்ணை மட்டும் அடித்திருந்தால், ஒரே முடிவுள்ள இரண்டு படகு இருக்கிறதா என்று கையால் பார்த்தே ஆகவேண்டும்.

ராமேஸ்வரம் ஐஸ் பிளான்ட்:

சேர்த்ததும் ஒவ்வொரு படகுக்கும் பாக்கிச் சீட்டு அச்சடித்துப் படகு முதலாளிகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள் தம்பி. பிடிக்காமல் விட்ட முன்பணத்தை ஒரே நாளில் பிடிக்காதீர்கள், நடைக்குக் கொஞ்சமாகப் பிடியுங்கள். இல்லாவிட்டால் மீனை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.